கரித்தொட்டியில் வடிந்த தண்ணீர்

“...தெனந்தான் வாரி உடுறேன், இன்னிக்கு ஒரு நாளா? மேல ஆடை கட்டிக்கிட்டுக் கெடந்தா அதைப் பாத்துட்டு எப்படிச் சும்மா போறது? ஒரு வாரு வாரி உட்டுட்டுத்தான் உப்பளத்துக்கே போறேன்” என்றாள் கீழ்வீட்டு அக்கா.

சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு நிறைவு இருந்தது. யாரும் சொல்லாத வேலையை எடுத்துப்போட்டுச் செய்தவர்களுக்கு வருகிற நிறைவு. பக்கத்தில் நின்ற நானும் தண்ணீர் பரிசோதிக்கிற பெண்ணும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளக்கூட இல்லை. ஒரு மாதமாக நாங்கள் தேடிக்கொண்டிருந்த பதில் அது. சொன்னவளுக்கு மட்டும் அது தெரியவில்லை.

முதலிலிருந்து சொன்னால்தான் விளங்கும்.

எங்கள் நிலம் மரக்காணம் உப்பளங்கள் முடிகிற மேற்கு ஓரத்தில் கொஞ்சம் மேடாக இருக்கிறது. நெல் ஒரு போகம், அப்புறம் கீரை, மாட்டுக்குப் புல். மாடு நாலு. அக்கா வீடு எங்களுக்குக் கீழே, உப்பளத்தைப் பார்த்த மாதிரி. இரண்டுக்கும் நடுவே ஒரு வடிகால். வயலுக்குப் பாய்ச்சியது போக மிஞ்சிய தண்ணீரும் மாட்டுக் கொட்டகை கழுவிய தண்ணீரும் அதில்தான் இறங்கும். இறங்கி, அக்கா வீட்டுக் கிணற்றை உரசிக்கொண்டு போய்ப் பள்ளத்தில் நிற்கும். எங்கள் மாமனார் காலத்திலிருந்து அப்படித்தான். யாரும் அதை ஒரு விஷயமாக நினைத்ததில்லை.

அந்தக் கிணற்றின் அருமை வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. சுற்றி எங்கே தோண்டினாலும் உப்பு. பஞ்சாயத்துக் குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிற தண்ணீரில் சோறு வடித்தால் பருக்கை மஞ்சளாகும். இந்த ஒரு கிணற்றில் மட்டும் மேலாக, ஆழமில்லாமல், நல்ல தண்ணீர் நிற்கிறது. “இத்தினி உப்புக்கு நடுவுல மாதா எனக்கு ஒரு சொம்பு ஊத்தி வெச்சிருக்கா” என்பாள் அக்கா. கோயிலுக்குப் போகும்போதுகூட அந்தச் சொம்பைப் பற்றி நன்றி சொல்லிவிட்டுத்தான் மற்றதைக் கேட்பாளாம்.

போன மாசி மாதம் பருவம் தப்பி ஒரு மழை பெய்தது. அப்போதுதான் உப்பளங்களில் பாத்தி கட்டி முடித்திருந்தார்கள். உப்பு விற்கப் போனால் மழை, உமி விற்கப் போனால் காற்று என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். பாத்தி கரைந்த கவலையில் அவர்கள் இருக்க, எங்கள் சாணிக்குழி நிரம்பி வழிந்ததை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நாலு நாள் கழித்து அக்கா வீட்டுக்காரருக்கு வாந்தியும் பேதியும். இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏறியது. அக்காவுக்கும் வயிறு சரியில்லை. ஆனால் அவள் அதைச் சொல்லவில்லை, அவள் நடையைப் பார்த்துத்தான் நான் கண்டுபிடித்தேன்.

பஞ்சாயத்தில் தண்ணீர் பரிசோதிக்க ஒரு பெண்ணுக்குப் பயிற்சி கொடுத்து வைத்திருந்தார்கள். இதே ஊர்ப் பெண். அவள் ஒரு சின்ன பாட்டிலோடு வந்து அக்கா கிணற்றில் தண்ணீர் பிடித்தாள். பாட்டிலுக்குள் ஏற்கெனவே ஏதோ மருந்து போட்டிருந்தது. “சூடான எடத்துல வெச்சிருங்கக்கா. ஒரு நாள் பாக்கலாம், ரெண்டு நாள் பாக்கலாம். கறுத்துப்போச்சுன்னா கிருமி இருக்குது. கறுக்கலைன்னா தப்பிச்சோம்” என்றாள்.

அக்கா அதை மாதா படத்துக்குக் கீழே விளக்குப் பக்கத்தில் வைத்தாள். மறுநாள் காலையில் பாட்டில் மையைக் கரைத்து ஊற்றியது போல இருந்தது.

அந்தப் பெண் கிணற்றைச் சுற்றி நடந்தாள். வடிகாலைப் பார்த்தாள். வடிகால் எங்கிருந்து வருகிறது என்று நிமிர்ந்து பார்த்தாள். அவள் கண் எங்கள் கொட்டகையில் போய் நின்றபோது நான் ஏதோ திருடிவிட்டுக் கையும் களவுமாகப் பிடிபட்டவள் மாதிரி ஆனேன். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயம். அவள் திட்டுகிற ஆள். திட்டினால் திட்டிய இடத்திலேயே விட்டுவிடுவாள்.

மூன்று நாள் கழித்து அக்கா கொட்டகைக்கு வந்தாள். மாட்டைத் தடவிக்கொண்டே பேசினாள்.

“பொண்ணுக்கு வைகாசி கடைசி ஞாயித்துக்கிழமை வளைகாப்பு. பூசை முடிஞ்சு மாப்புள வீட்டுல சாப்பாடு. சாயங்காலம் இங்க இட்டாந்துடுவோம்.”

“தெரியும்க்கா.”

“மொத பிரசவம். பொறந்த வீட்டுலதான் பாக்கணும். புள்ள பொறந்து மூணு மாசம் வரைக்கும் இங்கதான். புள்ளைய இந்தத் தண்ணியிலதான் குளிப்பாட்டணும்.” கொஞ்ச நேரம் மாட்டின் காதையே நீவிக்கொண்டிருந்தாள். “மாட்டை வித்துடுன்னு நான் சொல்ல வரல. நீ சோறு துன்றது அதுலதான்னு எனக்குத் தெரியாதா? ஆனா நீயே ஒரு வழி சொல்லு.”

அதைவிட, விற்றுத் தொலை என்று சொல்லியிருக்கலாம்.

வடிகாலைத் திருப்ப இடமில்லை. வடக்கே இருந்தவர் மண்ணடித்து உயர்த்திவிட்டார். தெற்கே திருப்பினால் நேராக உப்பளப் பாத்தி. அங்கே நல்ல தண்ணீர் ஒரு குடம் விழுந்தாலே சண்டை, சாணித் தண்ணீர் விழுந்தால் வெட்டு. குழியைப் பெரிதாக வெட்டி, பூச்சு பூசி, மழைக்கு மேலே தகரம் போட்டோம். அதனால் வழிவது நின்றது. கழுவுகிற தண்ணீரும் வயல் தண்ணீரும் நிற்கவில்லை.

கரி வைத்து வடிகட்டலாம் என்று சொன்னது அந்தப் பரிசோதனைப் பெண்தான். பயிற்சியில் காட்டினார்களாம். காற்று அதிகம் படாமல் எரித்த மரக்கரியில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் கோடி. தண்ணீர் மெதுவாக அதன் வழியே இறங்கினால் கிருமி ஒட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிடும். “குடிக்கறதுக்கு ஆவாது, அதை மட்டும் மறந்துடாதீங்க. குடிக்கறதைக் கொதிக்க வெச்சுதான் குடிக்கணும். ஆனா கெணத்துக்குப் போய்ச் சேர்ற அழுக்கு எவ்வளவோ கொறையும்” என்றாள்.

என் வீட்டுக்காரர் கேட்டார். “எவ்வளவோன்னா எவ்வளவு?”

“பாட்டில் சொல்லும்ணே.”

எங்கள் பக்கத்தில் வேலிகாத்தானுக்குக் குறைவா. எவ்வளவு வெட்டினாலும் அடுத்த மழைக்கு முளைக்கிற முள்மரம். அதை வெட்டிக் காயவைத்து, கூம்பாகக் குழி தோண்டி எரித்தோம். போனில் வீடியோ பார்த்துப் பார்த்து நான் கற்றுக்கொண்டது. மேலிருந்து பற்ற வைக்க வேண்டும். தீ அடங்கி, கட்டையில் சாம்பல் பூக்க ஆரம்பிக்கிற நேரம் பார்த்துத் தண்ணீர் கொட்ட வேண்டும். முந்தினால் விறகு, பிந்தினால் சாம்பல். முதல் குழி பிந்திவிட்டது. “பாத்திரம் வெளக்க ஆச்சு” என்றார் வீட்டுக்காரர். இரண்டாவது குழி முந்திவிட்டது. மூன்றாவதற்கு அக்காவே வந்து நின்றாள். “இரு, இரு, இரு” என்று கையை நீட்டிக்கொண்டே நின்று, திடீரென்று “ஊத்து” என்றாள். உடைத்துப் பார்த்தால் உள்ளே வரைக்கும் கறுப்பு, கண்ணாடிச் சில்லு போல ஓசை. உப்பின் பதம் பார்க்கிற கண்ணுக்கு எல்லாப் பதமும் தெரியும் போல.

கரியை நொறுக்கி, சலித்து, தூசி போகக் கழுவினோம். அந்த இரண்டு நாளும் எங்களைப் பார்த்தவர்கள் சிரித்தார்கள். வடிகால் அக்கா வீட்டு எல்லையைத் தொடுகிற இடத்தில், அவள் உப்பளத்துக்குப் போகிற ஒற்றையடிப் பாதையை ஒட்டி, ஹாலோ பிளாக் கல்லில் இடுப்புயரத் தொட்டி. அடியில் ஜல்லி, மேலே மணல், அதற்கு மேல் முழங்கால் உயரம் கரி, அதற்கும் மேல் மறுபடி மணல். மணலுக்கு மேலே எப்போதும் நாலு விரல் தண்ணீர் நிற்கும்படி குழாயை வளைத்து வைத்தோம். தண்ணீர் கொட்டக் கூடாது, கசிய வேண்டும். அக்கா கிணற்றை ஆள் வைத்து இறைத்து, பிளீச்சிங் பவுடர் போட்டோம்.

ஒரு வாரம் கழித்துக் குழாய் நுனியில் பாட்டிலைப் பிடித்தாள் அந்தப் பெண். அதுவும் அக்கா வீட்டு மாதா படத்துக்குக் கீழே போனது.

அந்த ஒரு நாளில் நான் அக்கா வீட்டுக்கு எத்தனை முறை போனேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். மோர் கொடுக்கப் போனேன். கொடுத்த மோர்ச் சொம்பை வாங்கப் போனேன். “பரீச்சை எழுதினவ மாதிரி அலையுற” என்றார் வீட்டுக்காரர். ஆனால் அவரும் சாயங்காலம் அந்தப் பக்கமாக மாட்டை ஓட்டிக்கொண்டு போய், ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்ததை அக்கா அப்புறம் சொன்னாள்.

கறுத்தது.

“புதுசுல அப்படித்தான்க்கா” என்று அந்தப் பெண் என்னைச் சமாதானப்படுத்தினாள். அப்போது பகல் வேளை, அக்கா உப்பளத்தில் இருந்தாள். “மணலு மேல வழவழன்னு ஒரு படலம் கட்டணும். பாசி மாதிரி இருக்கும். அருவருப்பா இருக்குதேன்னு கையை வெச்சிடாதீங்க. அதுதான் பாதிக் கிருமியைப் புடிக்கும். அது கட்டுற வரைக்கும் பொறுத்துக்கணும்.”

இதை நான் வீட்டுக்காரரிடம் சொன்னேன். பால் எடுக்க வருகிறவரிடம் சொன்னேன். கீரை வாங்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். அக்காவிடம் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்றில்லை. அவளைப் பார்த்தாலே எனக்குக் கறுத்த பாட்டில்தான் ஞாபகம் வந்தது. “சரியாயிடும்க்கா” என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். பேசியே பிழைக்கிற எனக்கு, பேச வேண்டிய இடத்தில் வாய் அடைத்துக்கொண்டது.

கொட்டகை வேலையெல்லாம் முடித்துவிட்டு நான் தொட்டிப் பக்கம் போக வெயில் ஏறிவிடும். தினமும் குனிந்து பார்ப்பேன். படலம் இல்லை. மணல் சமமாக, தட்டில் பரப்பின மாவு போல, அழகாக இருக்கும். அழகைப் பார்க்கப் பார்க்கப் பயமாக இருக்கும். கரி சரியில்லையோ, மணலில் ஏதாவது கலந்திருக்குமோ, தண்ணீர் வேகமாக இறங்குகிறதோ. குழாயைக் கொஞ்சம் அடைத்தோம். மேல் மணலை எடுத்துவிட்டு வேறு மணல் போட்டோம். “பதறாத காரியம் சிதறாது” என்று வீட்டுக்காரர் சொன்னார். அதைச் சொன்ன அன்றே நாள்காட்டியில் வைகாசி கடைசி ஞாயிறைப் பேனாவால் வட்டம் போட்டவரும் அவர்தான்.

இரண்டாவது பாட்டிலும் கறுத்தது. முதலாவதைவிடச் சீக்கிரமாக.

அன்றைக்கு அக்கா இந்த விஷயத்தில் முதன்முதலாக என்னைத் திட்டினாள். எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. “கரியைச் சுட்டு, மண்ணைச் சலிச்சு, ஊர்ல இருக்கற கல்லையெல்லாம் கொண்டாந்து கட்டி, இன்னா கண்ட? பீ மேல பூசின சந்தனம். எம் பொண்ணு வாந்தி எடுத்துட்டுப் படுத்தா, நீ வந்து வீடியோ காட்டுவியா?” என்றாள். பிறகு அவளே தணிந்தாள். “நானுந்தான் அதைப் பாத்துக்கறேன், என்னால ஆனதை” என்றாள். அவள் என்ன பார்த்துக்கொள்கிறாள் என்று நான் கேட்கவில்லை. ஜெபத்தைச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று மாலை வீட்டுக்காரரிடம், இரண்டு மாட்டை மட்டுமாவது கொடுத்துவிடலாமா என்று கேட்டேன். அவர் புல் நறுக்கிக்கொண்டே இருந்தார். நறுக்கி முடித்த பிறகும் கத்தியைக் கீழே வைக்கவில்லை. “இன்னொரு பாட்டில் பாப்போம்” என்றார்.

வளைகாப்புக்கு எட்டு நாள் இருந்தது. அந்தப் பெண்ணிடம் நான்தான் சொன்னேன், இந்தத் தடவை கொட்டகை கழுவுவதற்கு முன்னாலேயே தண்ணீர் எடுத்துப் பார்க்கலாம், விடியற்காலையில் வா என்று. வந்தாள். வெளிச்சம் அப்போதுதான் தென்னை மட்டையில் ஏறியிருந்தது. தொட்டிக்குள் எட்டிப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

நாலு விரல் தண்ணீர் முழுக்கக் கலங்கிக் கிடந்தது. பச்சையும் பழுப்புமாகக் கிழிந்த துண்டுகள் மிதந்து, ஒவ்வொன்றாக அடங்கிக்கொண்டிருந்தன. அடியில் மணல் இன்னும் புகை போல எழும்பிக்கொண்டிருந்தது. ஓர் ஓரத்தில் மணல் குழிந்து, கரி தெரிந்தது. தண்ணீர் அந்தக் குழி வழியாகவே சுழித்து இறங்கிக்கொண்டிருந்தது.

“படலம் கட்டியிருக்குதுக்கா” என்றாள் மெதுவாக. “ராத்திரியெல்லாம் கட்டியிருக்குது. யாரு கெளறினது?”

“யாரு வர்றாங்க இந்தப் பக்கம்? நாய் எதாவது...” என்று நான் இழுத்தேன்.

நாய் தினமும் இடுப்புயரத் தொட்டியில் ஏறி மணலைச் சமன்படுத்திவிட்டுப் போகாது என்று எனக்கே தெரிந்தது. அப்போதுதான் பாதையில் கொஞ்ச தூரம் போயிருந்த அக்கா, எங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். தோளில் உப்பு வாருகிற பலகை. நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

அந்தப் பெண் கேட்டாள். “அக்கா, இதுல நீங்க கையை வெச்சீங்களா?”

அதற்குத்தான் அக்கா அப்படிச் சொன்னாள், தினம்தான் வாரி விடுகிறேன் என்று. இன்னும் விளக்கமாகவும் சொன்னாள். உப்புப் பாத்தியில் காலையில் மேலாக ஒரு ஆடை மிதக்கும். அதைப் பலகையால் கலைத்து அடியில் இறக்கிவிட வேண்டும். கலைக்காமல் விட்டால் உப்பு மாவாகப் போய்விடும், கல் விளையாது, மேஸ்திரி கேட்பார். பதினெட்டு வயதிலிருந்து செய்கிற வேலை. “இதுவும் பாத்தி மாதிரிதானே கீது. அழுக்கு ஆடை கட்டிக்கிட்டு நாறக் கூடாதுன்னு, கலைச்சு, மட்டம் பண்ணி உடுவேன். இவ பாக்கறதுக்கு முன்னாடி முடிச்சிடுவேன். இவளுக்கு மாடே சரியா இருக்குது, பாவம்.”

அந்தப் பெண்தான் பக்குவமாகச் சொன்னாள். அந்த ஆடை இருந்தால்தான் வடிகட்டும் என்று சொன்னாள். கலைத்தால் பிடித்து வைத்த கிருமி அத்தனையும் கீழே இறங்கிவிடும், மணலில் வழி விழுந்துவிடும், தண்ணீர் கரியைத் தொடாமலே ஓடிவிடும் என்று சொன்னாள். அக்கா பலகையைத் தோளிலிருந்து இறக்கவில்லை. கேட்டுக்கொண்டே தொட்டியைப் பார்த்தாள். மிதந்துகொண்டிருந்த கடைசித் துண்டும் அடியில் போய் அமர்ந்தது.

“அப்ப, பாட்டில் கறுத்தது என்னாலயா?”

“நான் உங்ககிட்டச் சொல்லலக்கா” என்றேன். “தொடக் கூடாதுன்னு எனக்குத் தெரியும். உங்ககிட்ட மட்டும் சொல்லல.”

அவள் என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

“இனிமே தொடாம இருந்தா எத்தினி நாளு?” என்று அந்தப் பெண்ணைக் கேட்டாள்.

“ஒரு ராத்திரியில கட்டறது மெல்லிசு. அது நல்லா முத்தறதுக்கு மூணு வாரம் ஆவும்க்கா. நாலும் ஆவலாம். அப்பவும் பாட்டில் பாத்துதான் சொல்லணும். நான் இப்பவே ஆவும்னு சொல்ல முடியாது.”

“எட்டு நாள்ல?”

“முடியாதுக்கா.”

அக்கா பலகையை எங்கள் வரப்பில் சாய்த்தாள். இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையை அவிழ்த்துப் போனை எடுத்தாள். சம்பந்தியம்மாள் அந்த நேரத்துக்கு எழுந்திருப்பாரா என்று நான் நினைப்பதற்குள் மணி அடித்து, எடுத்தும் விட்டார்கள். சத்தம் வெளியே கேட்கிற மாதிரி வைத்துக்கொண்டாள்.

“சம்மந்தி, நான்தான் பேசறேன். எல்லாரும் சௌக்கியந்தான். வளைகாப்பு சொன்ன தேதியிலயே வெச்சுக்குவோம், அதுல மாத்தமில்ல. பொண்ண மட்டும் அன்னிக்கு இட்டார முடியாது. உங்க வீட்டுலயே கொஞ்ச நாளு இருக்கட்டும்.”

அந்தப் பக்கத்திலிருந்து ஒரு நிதானமான குரல். “ஏன் சம்மந்தி, பொறந்த வீட்டுல பொண்ணுக்கு எடமில்லாமப் போச்சா? எங்க ஆளுங்க கேட்டா நான் இன்னான்னு சொல்லுவேன்?”

என் மாடு, என் வடிகால், என் கொட்டகை. மூன்றும் அந்தப் போனுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தன. அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அடுத்த ஞாயிறு பூசைக்கு வருகிற அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும். தப்பும் இல்லை. உண்மைதானே.

“எடம் இருக்குது சம்மந்தி. எங்க கெணத்துத் தண்ணி சுத்தமில்ல. சுத்தம் பண்ண ஏற்பாடு நடந்துச்சு, நான் தெரியாம கையை வெச்சு கெடுத்துட்டேன். எம் மேலதான் தப்பு. அப்படியே சொல்லுங்க.”

“எத்தினி நாளு?” என்றது அந்தக் குரல்.

அக்கா போனை நெஞ்சோடு அழுத்தி மூடிக்கொண்டு எங்கள் இருவரையும் பார்த்தாள். அப்புறம் அதைப் பரிசோதனைப் பெண்ணின் கையில் வைத்து, “நீயே சொல்லும்மா, எனக்குச் சொல்லத் தெரியல” என்று சொல்லிவிட்டு, பதிலைக் கேட்க நிற்காமல், பலகையை எடுத்துக்கொண்டு உப்பளத்தைப் பார்த்து நடந்தாள்.